சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி

உங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் என்ன செய்வீர்கள்? இப்போதெல்லாம் சுவிட்ச் மாதிரி ஒன்று வந்துவிட்டது, தட்டிவிட்டால் வேலை முடிந்தது. நான் கேட்பது அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை காலத்தை. எங்கள் வீட்டில் அப்பாதான் ஃபியூஸ் போடுவார். முதல் தடவை போனால் மெல்லிசாக ஓர் இழை. மறுநாளும் போனால் இரண்டு இழை. மூன்றாவது தடவை போனால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "இனிமே இது எப்படிப் போகுதுன்னு பாத்துடறேன்" என்று எங்கிருந்தோ ஒரு முரட்டுக் கம்பியை எடுத்து முறுக்கிச் சொருகிவிடுவார். அதற்கப்புறம் அது போகவே போகாது. தெருவில் அப்பாவுக்குப் பாதி எலெக்ட்ரீஷியன் என்று நல்ல பெயர்.

போகவே போகாத ஃபியூஸ், ஃபியூஸே இல்லை என்பது என் மண்டையில் ஏற முப்பது வருஷமும், ஒரு புல்வெட்டும் மிஷினும் தேவைப்பட்டன.

எனக்கு ஊர் திருநின்றவூர். சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டி வரும். எங்கள் பக்கத்தில் பாங்க் ஆசாமிகள், ஐ.டி. ஆசாமிகள், ரிட்டயர்டான ரயில்வேக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கிரிக்கெட் கிளப் வைத்திருக்கிறோம். எனக்கு பேட் பிடிக்கவும் தெரியாது, பந்து போடவும் வராது. பி.காம். படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காகப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். குத்தகைக்கு ஒரு மைதானம், நாலு ஏக்கர் இருக்கும். ஒரு ஓரம் சரிவாக ஏறிக் கரை மாதிரி முடியும். ஐப்பசி, கார்த்திகை மழை எங்கள் ஊர்ப் பக்கம் எப்படி நிற்கும் என்று 2015-லும் 2021-லும் டி.வி. பார்த்தவர்களுக்குத் தெரியும். மழை வடிந்தால் மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல்.

பொங்கலுக்கு டோர்னமென்ட். வழக்கமாக நாலு பேர் வந்து, தோளில் மாட்டுகிற மிஷினை வைத்து மூன்று நாள் வெட்டுவார்கள். இந்தத் தடவை யாரோ ஒருவர், "உக்காந்து ஓட்டற மிஷின் வாடகைக்குக் கிடைக்குது சார், அரை நாள்ல முடிச்சிடுவாங்க" என்றார். ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். அவர் மணிக்கு இவ்வளவு என்றார். நான் பொருளாளர் அல்லவா? "மணிக்கணக்கெல்லாம் வேண்டாம், மொத்தமா ஒரு தொகை பேசிக்குவோம். பதினோரு மணிக்குள்ள முடியணும், பசங்களுக்குப் பிராக்டிஸ் மேட்ச் இருக்கு" என்று அடித்துப் பேசி 3,500 ரூபாய்க்கு முடித்தேன். செயலாளர் கை குலுக்கினார். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இந்தப் பேரத்தை ஞாபகத்தில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மிஷின் வந்தது. கூடவே ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ஒல்லி, தலையில் துண்டு. மிஷின் பார்க்க டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருந்தது. சீட்டு, ஸ்டீயரிங், வயிற்றுக்கு அடியில் கவிழ்த்துவைத்த அண்டா போல ஒரு தகட்டு மூடி. அந்த மூடிக்குள்தான் பிளேடு. 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேல்பிசிறை வழிக்கிற ஆலை எந்திரத்தைப் பார்த்து, புல்வெட்டும் எந்திரம் ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கினார். அது கையால் தள்ளுகிற சாது எந்திரம். இப்போது இருப்பது அப்படியல்ல. பிளேடு நுனியின் வேகம் நிமிஷத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தர விதி. தாண்டக் கூடாத அந்த எல்லையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு சுமார் 347 கிலோமீட்டர். நம்முடைய வந்தே பாரத் போகிற வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் ஒரு கல் மாட்டினால் அது கல்லாக வெளியே வராது, துப்பாக்கிக் குண்டாக வரும்.

நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாகவே ஓட்டினார். சரிவில் குறுக்கே ஓட்டவில்லை, நேராக ஏறி நேராக இறங்கினார். குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார். பெட்ரோல் தீர்ந்தபோது உடனே ஊற்றவில்லை. "சூடா இருக்கு சார், ஆறட்டும்" என்று பீடியைக்கூட நாற்பது அடி தள்ளிப் போய்ப் பற்றவைத்துக்கொண்டார். பிளேடைச் சாணை பிடிக்க வேண்டி வந்தால் என்ன செய்வார் என்று பேச்சுக்குக் கேட்டேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பிளக்கில் இருக்கிற ஒயரையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அடியில் கையைவிடுவாராம். கையால் பிளேடைத் திருப்பினாலே சில சமயம் என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் என்றார். ஆக, தெரியாத ஆள் இல்லை.

எட்டே முக்கால் இருக்கும். மைதானத்தின் நடுவில் ஒரு தென்னை மட்டை கிடந்தது. அவர் மிஷினை நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் நகராமல் நிறுத்தினார், அவ்வளவுதான். பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. தொப்பென்று குதித்து, மட்டையை இழுத்து ஓரமாக வீசிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். அந்தப் பத்து செகண்ட், ஆளில்லாத சீட்டோடு மிஷின் உறுமிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஈரப் புல் போய் வெளியே தள்ளுகிற வாயில் அடைத்துக்கொண்டது. மறுபடி குதித்தார். பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து ஒரு குச்சியால் நெம்பினார். குச்சியைப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, என்னமோ ஏதோ என்று பார்த்தார்.

"அண்ணே, நீங்க இறங்கினா மிஷின் தானா நிக்கணும் இல்ல?"

"நிக்கும் சார். நான்தான் நிக்க விடல."

சீட்டை மடக்கிக் காட்டினார். அடியில் ஒரு சின்ன சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் அழுந்தும், எழுந்தால் விடுபடும். பிளேடு ஓடும்போது ஆள் எழுந்துவிட்டால் மிஷின் தன்னாலே அணைந்துவிட வேண்டும் என்பதற்காக வைத்தது. அதற்குப் போகிற ஒயர் முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி சேர்த்துப் பிடித்திருந்தது. அந்தக் கம்பி இருக்கிறவரை சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதாகவே மிஷின் நினைத்துக்கொள்ளும்.

"ஏன் இப்படி?"

"நான் ஐம்பது கிலோகூட இல்ல சார். இந்த மேடு பள்ளத்துல போனா உடம்பு தூக்குது. உடனே ஆள் இல்லன்னு நெனச்சிக்கினு ஆஃப் ஆயிடுது. நூறு வாட்டி ஆஃப் ஆனா நூறு வாட்டி ஸ்டார்ட் பண்ணணும். மெதுவா ஓட்டினா ஆஃப் ஆவாது. ஆனா மெதுவா ஓட்டினா..."

வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பதினோரு மணி என்று சொன்னது நான்.

"அந்தக் கை?" என்று கேட்டேன்.

"அம்பத்தூர் எஸ்டேட்டு சார். ப்ரெஸ்ஸு."

பவர் ப்ரெஸ்ஸைப் பார்த்திருக்கிறீர்களா? தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே குத்தில் வடிவம் கொடுக்கிற எந்திரம். அதற்கு இரண்டு பட்டன் வைப்பார்கள், இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்க முடியாது. அவ்வளவு எளிமையான புத்திசாலித்தனம். அவர் வேலை செய்த ஷாப்பில் ஒரு பட்டனில் குச்சி சொருகி வைத்திருந்தார்களாம். ஒரு கை மிச்சம். அந்த மிச்சக் கையால் அடுத்த தகட்டைத் தள்ளலாம். ஷிப்டுக்கு அவ்வளவு பீஸ் கூடும்.

"குச்சியைச் சொருகினது யாரு?"

"சூப்பர்வைசருதான். டார்கெட்டு சார்."

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "அப்படி விரல் போன நீங்களே இங்க கம்பி கட்டலாமா அண்ணே?"

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு அவங்க கட்டினாங்க. இன்னிக்கு நானே கட்டிக்கிறேன். அவ்ளோதான் சார் வித்தியாசம்" என்றார்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் நான் அந்த வேப்பமரத்தடியில் யோசித்ததை, நீங்களும் என்னோடு உட்கார்ந்து கொஞ்சம் யோசியுங்கள்.

பாதுகாப்பு என்றாலே நமக்கு போர்டுதான் ஞாபகம் வரும். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில், 'உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது'. ஆபத்து என்பது தெரியாமையிலிருந்து வருகிறது, எடுத்துச் சொன்னால் போய்விடும் என்ற நம்பிக்கை அந்த போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த மனிதரிடம் அந்த போர்டு என்ன செய்யும்? எடுத்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவருடைய கையே ஒரு போர்டு. தினமும் சாப்பிடும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். சாயங்காலம் தன் வீட்டு வாசலில் பிளேடைக் கழற்றும்போது பிளக் ஒயரைக்கூட விட்டுவைக்காத அதே ஆள், காலையில் என் மைதானத்தில் ஓடுகிற பிளேடுக்குக் கீழே குச்சி விடுகிறார். தன் நேரத்தில் அவ்வளவு நிதானம். என் நேரத்தில் இவ்வளவு அவசரம்.

அப்படியானால் அந்தக் கம்பியைக் கட்டியது யார்?

உடனே நம்மில் பலர் சொல்கிற பதில் ஒன்று உண்டு. 'அவர் உடம்பு, அவர் இஷ்டம். நான் கட்டச் சொன்னேனா?' நானும் முதலில் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எல்லைக் கோட்டுப் பக்கம் ஏழெட்டுப் பொடியன்கள், எப்போது முடியும் எப்போது விளையாடலாம் என்று காத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஆளில்லாமல் சுற்றுகிற பிளேடு, யாருடைய உடம்பு யாருடைய இஷ்டம் என்றெல்லாம் விசாரிக்குமா? இந்த மிஷின்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற அமெரிக்காவில், பதினாறு வயசு ஆகாதவர்கள் இதை ஓட்டக் கூடாது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டுகூடப் போகக் கூடாது, ஆறு வயசுக்கு உட்பட்டவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. தாத்தாவின் மடியில் உட்கார்ந்து ஒருமுறை போன பிள்ளை, அடுத்த முறை சத்தம் கேட்டதும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடி வரும். பின்னால் வருகிற வண்டியில் தாத்தாவுக்கு அது தெரியாது. நம் ஊரில் பைக் டேங்க்கின் மேல் பிள்ளையை உட்காரவைத்துக் கொண்டு போகிறோமே, அதே பாசம்தான்.

இன்னொரு பதிலை அவரே சொன்னார். "பத்து வருஷமா கம்பியோடதான் ஓட்டறேன், ஒண்ணும் ஆவல." இதைக் கேட்டால் நமக்குப் பாதி சமாதானம் ஆகிவிடுகிறது. பத்து வருஷம் என்பது சும்மாவா? 1986 ஜனவரி 28-ல் சாலஞ்சர் விண்கலம் கிளம்பி 73-வது செகண்டில் சிதறி, ஏழு பேர் போனார்கள். காரணம், ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் அரிக்கப்படுவது அதற்கு முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் கலம் பத்திரமாகத் திரும்பி வந்ததால், அரித்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. விசாரணைக் குழுவில் இருந்த ஃபெயின்மேன், இதை ஒரே ஒரு குண்டு போட்ட துப்பாக்கியைத் தலையில் வைத்துச் சுடுகிற விளையாட்டோடு ஒப்பிட்டார். முதல் தடவை வெடிக்காதது இரண்டாவது தடவைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது அவர் வாதம். டயான் வாகன் என்ற சமூகவியல் அறிஞர் 1996-ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். தப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, கடைசியில் அதுவே வழக்கம் ஆகிவிடுகிறது என்பது அதன் சாரம். நாஸாவில் நடந்ததற்கும் எங்கள் அப்பா ஃபியூஸ் கட்டையில் செய்ததற்கும் அளவில்தான் வித்தியாசம். 'ஒண்ணும் ஆவல' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் இரண்டு இடத்திலும் பாஸ் மார்க் போட்டது.

அவர் சொன்னதில் என்னைக் கொஞ்சம் தொட்டது வேறு ஒன்று. "இது என்னை நம்ப மாட்டேங்குது சார்" என்றார் மிஷினைக் காட்டி. வேலை தெரிந்த எவனுக்கும் இருக்கிற மானம் அது. எனக்கு ஓட்டத் தெரியும், எனக்கு எதுக்கு உன் காவல்? நியாயமான கோபம்தான். ஆனால் எங்கள் கிளப் செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், என்னுடையதும் செயலாளருடையதும். நான் திருடன் என்று யாரும் அப்படி வைக்கவில்லை. எனக்கும் அதில் ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. சொல்லப்போனால் அது என்னைத்தான் காப்பாற்றுகிறது. ப்ரெஸ்ஸின் இரண்டு பட்டனும் இந்த இரண்டு கையெழுத்தும் ஒரே சமாசாரம். எந்திரம் நம்மைச் சந்தேகப்படவில்லை. நமக்கும் தூக்கம் வரும், போன் வரும், வீட்டுக் கவலை வரும் என்று எடுத்துக்கொள்கிறது. மனுஷனை மனுஷனாக மதிக்கிற முறைகளில் அதுவும் ஒன்று. இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. செயலாளர் வெளியூர் போவதாக இருந்தால், ஐந்தாறு வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நானும் வாங்கி வைத்துக்கொள்வேன். அது என்ன? அதுவும் கட்டுக்கம்பிதான்.

இப்போது விரலின் விலைக்கு வருகிறேன். பி.காம். படிக்கும்போது 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எங்களுக்குப் பாடம். அதன் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போச்சு என்று கணக்கு. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். பதினெட்டு வயசில் அது வெறும் நம்பர். அன்றைக்கு மரத்தடியில்தான் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் தனித்தனியே கூட்டினால் 26. ஆனால் ஒரே கையில் இரண்டு விரல் போனால் என்று அந்த அட்டவணையில் தனி வரி ஒன்று இருந்தது. அங்கே 20. கடையில் மொத்தமாக வாங்கினால் குறைத்துப் போடுவார்களே, அது மாதிரி. ஆனாலும் அந்தச் சட்டம் வந்தது பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் தொழிலாளி விரலுக்கு எந்த விலையும் எந்த அட்டவணையிலும் இல்லை.

போன விரலுக்குக் கணக்கு எழுதியவர்கள் விரல் போகாமல் இருப்பதற்கும் சட்டம் போட்டார்கள். 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், ஓடுகிற ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்றது. ஆனால் வயலும் மைதானமும் தொழிற்சாலை ஆகுமா? பஞ்சாப், ஹரியானா பக்கம் கோதுமை அடிக்கிற மிஷினில் கதிரைத் தள்ளும்போது எத்தனையோ பேருக்குக் கையே போனது. பசுமைப் புரட்சியின் கணக்கில் அந்தக் கைகள் வரவில்லை. கடைசியில் 1983-ல் ஆபத்தான எந்திரங்களுக்கென்றே மத்திய அரசு தனியாகச் சட்டம் கொண்டுவந்தது. கதிர் தள்ளுகிற வாயை நீளமாக, மூடியோடு செய்தால் கை உள்ளே எட்டாது. விஷயம் அவ்வளவுதான். ஸ்வீடனில் 1959-லேயே, புது டிராக்டர் விற்பதானால் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காதபடி மேலே இரும்புச் சட்டம் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கவிழ்ந்து சாகிற விவசாயிகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அமெரிக்காவில் 1982 முதல், தள்ளிக்கொண்டு போகிற புல்வெட்டும் மிஷினில் கைப்பிடியை விட்டால் மூன்று செகண்டுக்குள் பிளேடு நிற்க வேண்டும். 'ஜாக்கிரதையாக ஓட்டுங்கள்' என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மனுஷனைத் திருத்துவதற்குப் பதிலாக மிஷினைத் திருத்தினார்கள்.

அந்தத் திருத்தத்தைத்தான் ஒன்றரை அங்குலக் கம்பி ஒன்று ரத்து செய்துவிடுகிறது.

ஆயுத பூஜை அன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போய்ப் பாருங்கள். மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுப்பார்கள். எனக்கு அந்த நாள் ரொம்பப் பிடிக்கும். சோறு போடுகிற இரும்பைக் கும்பிடுவதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் பொட்டு வைத்த அதே ப்ரெஸ்ஸில் பட்டனுக்குள் குச்சி இருந்தால்? ஏதாவது ஆகிவிட்டால் 'அவன் நேரம்' என்கிறோம், 'தலையெழுத்து' என்கிறோம். விதியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் அம்மாவும் நம்புகிறவள்தான். ஆனால் அந்தக் குச்சியைச் சொருகியதற்குக் கை உண்டு, அந்தக் கைக்கு மாசச் சம்பளம் உண்டு, அந்தச் சம்பளத்துக்கு மேலே டார்கெட் உண்டு, அந்த டார்கெட்டுக்கு மேலே, ஒரு பீஸுக்குப் பத்துப் பைசா குறைத்தால்தான் ஆர்டர் என்று சொன்ன இன்னொரு ஆள் உண்டு. விதி ஏன் எப்போதும் கடைசியில் நிற்கிற ஆளின் விரலில் மட்டும் எழுதுகிறது?

எங்கள் ஊருக்கென்று ஒரு கதை இருக்கிறது. பெரிய புராணத்தில் வருகிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். திருநின்றவூர் பூசலார், கையில் காசில்லாமல் சிவனுக்கு மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அதே சமயத்தில் காஞ்சியில் ராஜா நிஜமாகவே கற்கோயில் கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தான். சிவன் ராஜாவின் கனவில் வந்து, அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் நாளை மாற்றிக்கொள் என்கிறார். ராஜா பதறிப்போய் அந்தக் கோயிலைத் தேடிக்கொண்டு இங்கே வந்து, ஊரெல்லாம் கேட்டு, கடைசியில் ஓர் ஏழையின் நெஞ்சுக்குள் அது இருப்பதைத் தெரிந்துகொண்டு விழுந்து கும்பிடுகிறான். அந்த ஞாபகமாக இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இதய நோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நான் அந்தக் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பக்தியின் பெருமை, உள்ளத்தின் பெருமை என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். ராஜா தேதியை மாற்றினான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காஞ்சிபுரத்துக் கும்பாபிஷேகத்தையே தள்ளிவைக்க முடிந்திருக்கிறது. எங்கள் பதினோரு மணி பிராக்டிஸ் மேட்ச்சைத் தள்ளிவைக்க முடியாதா?

அந்தப் பேரத்தை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மணிக்கணக்குக் கூலியில் ஒரு மணி நேரம் கூடினால் என் பையில் கைவைக்கும். மொத்தக் கூலியில் ஒரு மணி நேரம் கூடினால் அவர்கள் பையில் கைவைக்கும். வியாபார பாஷையில் சொன்னால், நேரத்தின் ரிஸ்க்கை நான் சாமர்த்தியமாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். கான்ட்ராக்டரும் படித்தவர்தான், அதை இன்னும் கீழே தள்ளினார். தள்ளத் தள்ள அது போய் நின்ற இடம், ஐம்பது கிலோகூட இல்லாத ஓர் ஆளின் சீட்டுக்கு அடியில். கம்பியை முறுக்கியது அவர் விரல்கள்தான், மிச்சம் இருந்த எட்டு. அதை முறுக்க வேண்டிய காரணத்தை ஒரு வாரம் முன்னால் போனில் முறுக்கியது நான்.

கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். "மணிக்கணக்குக்கே மாத்திக்கலாங்க" என்றேன். அவர் சிரித்தார். பொருளாளர் ஒருவர் தானாகவே விலையை ஏற்றி அவர் பார்த்ததில்லை போல. மேட்ச்சை மூன்று மணிக்குத் தள்ளினோம். பொடியன்களை மரத்துக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தோம். நானும் இன்னும் இரண்டு பேரும் வெட்டாத பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து கல், பாட்டில், ஒரு பழைய செருப்பு, மூன்று பந்து எல்லாவற்றையும் பொறுக்கினோம். மிஷின் வருவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை. இறங்கி எடுக்க ஒன்றும் இல்லாவிட்டால், இறங்க வேண்டிய அவசியமும் குறைகிறது.

அவர் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினார். முதல் கால் மணி நேரத்தில் ஏழு தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் வேறு எங்கோ பார்த்தேன். அப்புறம் வேகத்தைக் குறைத்து, பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார். அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் நின்றது. புல் அடைத்தபோதெல்லாம் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பிளேடு நிற்கிறவரை நின்று, அப்புறம் குனிந்தார். முடியும்போது மணி ஒன்றரை. மணிக்கணக்கில் 900 ரூபாய் கூட.

அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளர் அந்த 900-ஐப் பிடித்துக்கொண்டார். "3,500-க்குப் பேசி முடிச்சதா சொன்னீங்களே சார்?" வவுச்சரில் என்ன தலைப்பில் எழுதுவது என்று எனக்கே குழப்பம். கூலி என்று எழுதினால் பேசிய கூலி வேறு. மராமத்து இல்லை. அன்பளிப்பு என்றால் எனக்கே கேவலமாக இருந்தது. கடைசியில் 'புல் வெட்டு – கூடுதல் நேரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளரும் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். இரண்டு கையெழுத்து.

அன்றைக்கு மிஷினை வண்டியில் ஏற்றும்போது அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கழற்றிய கம்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வளைந்திருந்ததை விரலால் நேராக்கி, மறுபடி பத்திரமாகப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"அதைத் தூக்கிப் போடலியா அண்ணே?"

"நாளைக்கு வேற இடம் சார்" என்றார்.